மஞ்சள் வேரும் வெள்ளை டப்பாவும்

டாக்டர் "இன்சுலின்" என்று சொன்ன அன்று என் வீட்டுக்காரர் எனக்காக நிற்கவில்லை. கிளினிக் படியிறங்கி, ராயபுரம் பாலம் வரைக்கும் எனக்கு முன்னாலேயே நடந்தார். இருபத்திரண்டு வருஷமாக கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிற மனிதர். நாற்பதடிப் பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு எண்ணூர் ரோட்டில் மணிக்கணக்காக வரிசையில் நிற்பவர். ஒரு சின்ன ஊசியின் பெயரைக் கேட்டதும் சட்டை முதுகில் ஒட்டுகிற அளவுக்கு வியர்த்திருந்தது.

பயத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். அவருடைய அண்ணனும் டிரைவர்தான். ஊசி ஆரம்பித்த மறுவருஷம் அவருக்குக் கால் விரலை எடுத்தார்கள். அப்புறம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஊசியால் கால் போகவில்லை, அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்ததால்தான் போனது என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் காதில் ஏறாது.

"ஊசி போட்டுகினு கீறவன் கையில ஓனர் வண்டியக் குடுப்பானா? நீயே சொல்லு," என்றார் பாலத்தடியில் நின்று.

டாக்டர் மூன்று மாதம் தவணை கொடுத்திருந்தார். மாத்திரையை ஒழுங்காகப் போட வேண்டும், சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். அப்படியும் இறங்கவில்லையென்றால் ஊசிதான்.

நான் திருவொற்றியூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஒரு நாளைக்கு ஐம்பது பேருடைய சர்க்கரையை அளந்து காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறவள். என் வீட்டிலிருக்கும் ஒரு ஆளுடைய சர்க்கரைதான் எனக்கு அடங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய தோஸ்து அந்த வேரைக் கொண்டுவந்தார். ஹார்பரில் நிற்கிற கப்பல்களுக்குக் காய்கறி, அரிசி, முட்டையெல்லாம் ஏற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. ஏதோ ஒரு கப்பலில் சமையல் செய்யும் சீனாக்காரருக்கும் சர்க்கரையாம். அவர் தினமும் ஒரு வேரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறாராம். கையைக் காட்டி, முகத்தைச் சுளித்துக் காட்டி, ஒரு பொட்டலம் நிறையக் கொடுத்தனுப்பியிருந்தார்.

"அண்ணி, கசப்புன்னா கசப்பு, நாக்கே செத்துடும். ஆனா அந்தாளு அம்பது வயசுல குதிர மாதிரி கீறான்," என்றார் தோஸ்து.

பொட்டலத்தைப் பிரித்தேன். கோழிக்காலின் விரல்களைப் போலக் கிளை கிளையாக, முடிச்சு முடிச்சாக இருந்தது. ஒன்றை ஒடித்துப் பார்த்தால் உள்ளே அப்படியொரு மஞ்சள். விரலில் பட்டது இரண்டு நாளைக்குப் போகவில்லை.

நான் எதையும் விசாரிக்காமல் சட்டியில் போடவில்லை. செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். அந்த மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பொருளுக்குப் பெர்பெரின் என்று பெயர். நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற மரமஞ்சளிலும் அதுதான் இருக்கிறது. அது சர்க்கரையை ஓரளவு இறக்குகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர்களே எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே, வேறு சர்க்கரை மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது என்றும் எழுதியிருந்தது. அதையும் படித்தேன். படித்தேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். வாரா வாரம் வேலைக்குப் போகுமுன் அவருக்கு வீட்டிலேயே ரத்தம் எடுத்து, லேபில் வைத்துப் பார்த்தேன். முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் கொஞ்சம் இறங்கியது. ஆறாவது வாரம், வெறும் வயிற்றுச் சர்க்கரை பல வருஷங்களாகப் பார்க்காத எண்ணுக்கு வந்திருந்தது. மெஷின் தப்போ என்று நினைத்து இன்னொரு தடவை ஓட்டினேன். அதேதான்.

அந்தக் காகிதத்தை நான் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினேன். கீழ் வீட்டில் குடியிருக்கும் மீன்காரம்மா காசிமேட்டில் மீன் வாங்கி விற்கிறவர், தனியாக இருக்கிறார், அவருக்கும் சர்க்கரை உண்டு. அவரிடம்தான் முதலில் காட்டினேன். "லேப்ல வேல செய்யற பொண்ணே சொல்லுதுன்னா அப்புறம் இன்னா," என்று அவரும் கேட்டு வாங்கிக் குடிக்க ஆரம்பித்தார். எங்கள் தெருவிலேயே ரயில்வேயிலிருந்து ரிட்டயரான ஒரு பெரியவர், மாதா கோயிலில் பழக்கமான இன்னும் இரண்டு வீட்டார். எல்லோரும் தோஸ்திடம் சொல்லி வைத்தார்கள்.

வேர் தீர்ந்தது. அந்தக் கப்பல் மறுபடி வரவில்லை. தோஸ்து வேறொரு இடத்தில் விசாரித்து எல்லா வீட்டுக்குமாக வெள்ளை பிளாஸ்டிக் டப்பாக்கள் கொண்டுவந்தார். மேலே சீன எழுத்து, ஓரத்தில் அதே கோழிக்கால் வேரின் படம். உள்ளே காப்ஸ்யூல்கள்.

"இது அதேதானா?" என்று கேட்டேன்.

"அதேதான் அண்ணி. அரைச்சுப் பொடி பண்ணிக் கீறாங்க. கசப்பு இல்ல பாரு, அதான் விசேஷம்."

ஒன்றைப் பிரித்துக் கொட்டிப் பார்த்தேன். பொடி வெளிர் மஞ்சளாக இருந்தது. விரலில் தேய்த்தால் கறை ஒட்டவில்லை. எனக்கு என்னவோ போலிருந்தது. ஆனாலும் மூடி வைத்துவிட்டு, மறுநாளிலிருந்து அவருக்குக் கொடுக்க ஆரம்பித்தேன்.

மூன்று மாதம் முடிந்து டாக்டரிடம் போனோம். ரிப்போர்ட்டைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். "நல்லா இருக்கே. மாத்திரையை இப்படியே தொடருங்க. வேற ஏதாவது சாப்பிடறீங்களா? நாட்டு மருந்து, கஷாயம்?"

மேஜைக்கு அடியில் என் வீட்டுக்காரரின் செருப்பு என் பாதத்தை அழுத்தியது. டாக்டர் என்னைப் பார்த்தார். லேபில் இருப்பவள் என்று அவருக்குத் தெரியும்.

"இல்ல சார். சாப்பாட்டைத்தான் குறைச்சிருக்கார்," என்றேன்.

அதற்கப்புறம் நடந்ததை எல்லாம் வரிசையாகப் பார்த்தால் ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். சாயங்காலத்தில் திடீரென்று பசி என்று கத்துவார். கை நடுங்கும். மூன்று வாழைப்பழத்தை நின்றபடியே தின்பார். எதற்கெடுத்தாலும் கோபம். வெயில், வரிசை, தூக்கமில்லை என்று நானே அவருக்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தேன். டாக்டரே நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகு, வாரா வாரம் ரத்தம் எடுப்பதையும் விட்டிருந்தேன்.

அன்றைக்கு மணி பதினொன்று இருக்கும். லேபில் வெறும் வயிற்றுக் கூட்டம் முடிந்து கொஞ்சம் ஓய்ந்திருந்தது. செல்போன் அடித்தது.

"ஏய், எங்க கீற?" என்றார். குரல் குழறியது.

"லேப்ல. நீங்க?"

"லைன்ல. ஒரே கும்பலா கீது. அண்ணன் வந்துச்சா?"

அவருடைய அண்ணன் இறந்து நாலு வருஷம் ஆகிறது.

"என்னா பேசறீங்க? காலைல சாப்பிட்டீங்களா?"

அவர் சிரித்தார். சிரிக்க எதுவும் இல்லாத இடத்தில் சிரித்தார். அப்புறம், ரொம்ப மரியாதையாக, யாரோ அதிகாரியைக் கேட்பதுபோலக் கேட்டார்: "முன்னாடி வண்டி நவுருது. நான் இப்ப இன்னா பண்ணணும்?"

இருபத்திரண்டு வருஷ டிரைவர் கேட்கிற கேள்வி இல்லை இது.

"ஒண்ணும் பண்ணாதீங்க. வண்டிய ஆஃப் பண்ணுங்க. எந்த இடம் சொல்லுங்க. பக்கத்துல என்னா தெரியுது?"

"கல்லு," என்றார். "கடல்." போன் அறுந்தது. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

சர்க்கரை இறங்கினால் முதலில் மூளை பட்டினி கிடக்கும் என்று நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். குளுகோமீட்டரை எடுத்தேன். சர்க்கரைப் பரிசோதனைக்குக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கும் குளுகோஸ் பொட்டலங்கள் அலமாரியில் இருந்தன, நாலைந்தை அள்ளினேன். என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவர், என்னைவிட மூத்தவர், ஸ்கூட்டியில் வருகிறவர். என் முகத்தைப் பார்த்தே சாவியை எடுத்துவிட்டார்.

"எந்தப் பக்கம்?"

"கடலோர ரோடு. ஹார்பருக்குப் போற லைன்."

எண்ணூர் விரைவுச் சாலையில் நின்றிருந்தது ஒரு மதில். சிவப்பு, நீலம், பச்சைக் கன்டெய்னர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, இந்த முனையும் தெரியாமல் அந்த முனையும் தெரியாமல். ஒரு பக்கம் அலையைத் தடுக்கப் போட்ட கருங்கல் குவியல், ரோடு நெடுக அதேதான். 'கல்லு, கடல்' என்றால் எங்கே தேட?

அவர் வண்டியின் முன்பக்கம் நீலம், கண்ணாடிக்கு மேலே வெள்ளை எழுத்தில் ஓனர் பெயர். நீலமே பத்தில் நாலு வண்டி. நான் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராகப் படித்துக்கொண்டே வந்தேன். வாய்விட்டுப் படித்தேன் போலிருக்கிறது. "கத்தாதே, பாத்துகினு வா," என்றார் அக்கா. வரிசை விட்டு விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை ஏர் பிரேக் சீறும்போதும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஏற்றிய பெட்டியோடு அத்தனை டன். முன்னால் ஒரு பைக் நின்றிருந்தால் என்ன ஆகும், கல்லின்மேல் மீன் காய வைக்கிற பெண்கள் ரோட்டைக் கடந்தால் என்ன ஆகும் என்று நினைக்கக் கூடாது என்று நினைத்தேன். நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தூரத்தில் ஹாரன் சத்தம் ஓரிடத்தில் மட்டும் கூடிக் கேட்டது. முன்வரிசை நகர்ந்துவிட்டது, நடுவில் ஒரு வண்டி நகராமல் நிற்கிறது. பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் அடிக்கிறார்கள்.

நீலம். அவருடைய நம்பர்.

அக்கா ஸ்கூட்டியை நிறுத்துமுன்பே குதித்துவிட்டேன். ஏற்கெனவே இரண்டு டிரைவர்கள் கீழே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"காலங்காத்தால ஏத்திகினு வந்துட்டான்மா, ஃபுல் போத," என்றார் ஒருவர்.

"போத இல்லண்ணே. சுகர் இறங்கிடுச்சு. என் வீட்டுக்காரர்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. படியில் ஏறிக் கதவைத் திறந்தேன். மழையில் நனைந்தவர் போல இருந்தார். தலைமுடியிலிருந்து வியர்வை சொட்டியது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது, என்னைத் தெரியவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன, கால் எந்த மிதியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"சாவியைக் கொடுங்க."

"யார் நீ? எறங்கு! எறங்குன்னு சொல்றேன்!" என்று முழங்கையால் இடித்தார். என் உதடு கிழிந்தது. அவர் என்மேல் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. நான் அவர் மடியின்மேல் விழுந்து, கையை நுழைத்து, சாவியைத் திருப்பிப் பிடுங்கிவிட்டேன். வண்டி ஒரு உதறல் உதறி அடங்கியது.

கீழே நின்ற டிரைவர் மறுபக்கக் கதவு வழியாக ஏறி, பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் இல்ல மாமு, ஒண்ணும் இல்ல, நம்ம வூட்டுக்காரங்கதான்," என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். நான் அவர் விரலைக் குத்தி மீட்டரில் பார்த்தேன். முப்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழேயே போகக் கூடாது.

தண்ணீரில் கரைத்து ஊற்ற முடியாது. நினைவு சரியில்லாதவருக்கு வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்விடும். பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, பொடியைத் தொட்டுத் தொட்டு அவர் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தேன். கடித்தார். மறுபடி தேய்த்தேன். பின்னால் ஹாரன் நிற்கவேயில்லை. அக்கா ரோட்டின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்து வண்டிகளை அடக்கிக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷம் இருக்கலாம். என் ஆயுளில் அதைவிட நீளமான பத்து நிமிஷம் இல்லை. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கை தளர்ந்தது. என் முகத்தைப் பார்த்தார்.

"உதட்டுல இன்னா ரத்தம்?" என்றார்.

அப்போதுதான் அழுதேன். அப்புறம் மீதிப் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். வண்டியை ஓரம் கட்ட அந்த டிரைவரே உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது சர்க்கரை நூற்றுப்பத்து. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார், காலையில் சாப்பிடாமல் கிளம்பியதைப் பற்றி, வண்டியைப் பற்றி, ஓனருக்கு என்ன சொல்வது என்பதைப் பற்றி. இனி ஒன்றுமில்லை என்று நினைத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் நெற்றியில் மறுபடி வியர்வை துளிர்த்தது. ஐம்பத்தொன்று. நரம்பில் குளுகோஸ் ஏற்றினார்கள். ஏறியது. மறுபடி இறங்கியது.

டியூட்டியிலிருந்த டாக்டரம்மா சின்ன வயசு. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏதோ ஒண்ணு உள்ளேயிருந்து இழுத்துக்கிட்டே இருக்கு. இவர் மாத்திரை பட்டினியோட சேர்ந்தா இப்படிச் செய்யும், ஆனா இவ்வளவு பிடிவாதமா இருக்கு. வேற என்ன சாப்பிடறார்? ஒளிக்காதீங்க."

இந்தத் தடவை என் காலை யாரும் மிதிக்கவில்லை. வேர், டப்பா, காப்ஸ்யூல், ஆறு வாரத்துக் காகிதம் எல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போதுதான் மற்றவர்களின் ஞாபகம் வந்தது. கீழ் வீட்டு மீன்காரம்மா. தனியாக இருப்பவர். அதே மாத்திரை, அதே டப்பா.

வராந்தாவுக்கு ஓடி வந்து அவருக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து நின்றது. நாலு தடவை. மதியம் வியாபாரம் முடிந்து வீட்டில் இருக்கும் நேரம். பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்துக் கதவைத் தட்டச் சொன்னேன். போனை வைக்காமலே அவள் தட்டினாள். எனக்கு இங்கே கேட்டது. ஒருதரம், இரண்டுதரம். "தொறக்கலக்கா. ஒடச்சிடட்டுமா?"

"ஒடை," என்றேன்.

தாழ்ப்பாள் தெறிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு பெரிய கத்தல். மீன்காரம்மாவின் குரல்தான். "எவடி அது, என் கதவ ஒடைக்கிறது?" குளித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அந்த டப்பாவை ஆரம்பித்ததிலிருந்து காலையில் தலை சுற்றுகிறது என்று அவரே பாதி நாள் அதைச் சாப்பிடாமல் விட்டுவிட்டாராம். என்னிடம் சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று சொல்லவில்லையாம்.

என் வீட்டுக்காரரை மூன்றாம் நாள்தான் விட்டார்கள். பழைய டாக்டரிடம் போனோம். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த வேர்ல இருக்கிற சரக்கு பொய் இல்லம்மா. சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும். உங்க ரிப்போர்ட்லயே தெரியுது. ஆனா அதுக்கு மேல நான் எழுதின மாத்திரையும் முழுசா ஓடிட்டிருக்கு. இந்த டப்பாக்குள்ள வேர்தான் இருக்கா, இல்ல சர்க்கரை மாத்திரையையே பொடி பண்ணி மூலிகைன்னு அடைச்சிருக்காங்களான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. அப்படியும் செய்யறாங்க." டப்பாவை மேஜையில் வைத்தார். "அன்னிக்கு உங்களைத்தான் நம்பிக் கேட்டேன். சொல்லியிருந்தா மாத்திரையைக் குறைச்சிருப்பேன்."

அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

"தப்பு என்னுதுதான் சார். நான்தான் கால மிதிச்சேன்," என்றார் என் வீட்டுக்காரர். அவர் அப்படிச் சொன்னது எனக்கு உதவவில்லை.

டப்பாவை நிறுத்தியதும் சர்க்கரை மறுபடி ஏறியது, ஊசி ஆரம்பமானது. முதல் நாள் நான் போட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவ்ளோதானா?" என்றார். ஓனர் ரோட்டு வண்டியைக் கொடுக்கவில்லை. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சரக்கு வருவதையும் போவதையும் பார்த்துக்கொள்கிற வேலைக்கு மாற்றினார். கொஞ்ச நாள் வாடிப்போயிருந்தார். இப்போது யார்டுக்கு வருகிற டிரைவர்களிடம், காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறாராம். தோஸ்து ஒரு மாதம் வீட்டுப் பக்கமே வரவில்லை. அப்புறம் வந்து, டீ குடித்துவிட்டுப் போனார்.

எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. நான் காகிதத்தைக் காட்டிய வீடுகளுக்கெல்லாம் மறுபடி போனேன். மீன்காரம்மா டப்பாவை என் கண் முன்னாலேயே குப்பையில் போட்டார், தாழ்ப்பாளுக்கு மட்டும் என்னைத் திட்டித் தீர்த்தார். மாதா கோயில் பழக்கத்து இரண்டு வீட்டாரும் கேட்டுக்கொண்டார்கள். ரயில்வே பெரியவர் மட்டும் கேட்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் சாப்பிடாம வண்டி ஓட்டினதுக்கு மருந்து என்னம்மா பண்ணும்? எனக்கு நல்லா இருக்கு. அன்னிக்கு நல்லதுன்னு சொன்னதும் நீங்கதானே?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் சொன்னதில் பொய் எதுவுமில்லை.

மூன்று வாரம் கழித்து அவர் லேபுக்கு வந்தார், வெறும் வயிற்றில். ரத்தம் எடுக்கும்போது கேட்டேன். "இன்னும் சாப்பிடறீங்களா ஐயா?" ஆமாம் என்று தலையை ஆட்டினார். எண் எழுபதுக்குக் கீழே இருந்தது. முதலில் ஒரு குளுகோஸ் பொட்டலத்தைக் கரைத்துக் குடிக்க வைத்தேன். பிறகு ரிப்போர்ட்டின் அடியில், குறிப்பு எழுதுகிற இடத்தில், 'மாத்திரையோடு சேர்த்துப் பெயர் தெரியாத மூலிகைக் காப்ஸ்யூலும் எடுத்துக்கொள்கிறார்' என்று எழுதினேன். அப்படி எழுத எனக்கு அதிகாரம் கிடையாது. லேப் ஓனர் அன்று மாலை என்னைக் கூப்பிட்டுத் திட்டினார், வாங்கிக்கொண்டேன்.

பெரியவர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். கிழிப்பார் என்று நினைத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். கையில் அவருடைய டாக்டர் எழுதிய சீட்டு இருந்தது: காப்ஸ்யூலை நிறுத்திய பின் மறுபரிசோதனை. நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, வேறு பக்கம் பார்த்தபடி கையை நீட்டினார். நான் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்தேன்.